சேர்வர் றூமுக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கு: எதைப் பாக்கோணும், போனில என்ன சொல்லோணும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மாங்குளம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியோ பாங்கோ கச்சேரியோ கம்பஸோ, எங்கயாவது சேர்வர் றூமில வேலைக்குச் சேந்திருக்கிற பிள்ளையளுக்காக இதை எழுதுறன். அறிவியல் நகரில படிச்சிட்டு வாறனீங்கள், வவுனியா யூனிவேசிற்றியில முடிச்சிட்டு வாறனீங்கள், நெற்வேர்க் தெரியும், லினக்ஸ் தெரியும், புரோகிராமும் எழுதுவியள். ஆனா நிக்காம ஓடுறதுக்கெண்டே செய்த ஒரு சேர்வருக்கு முன்னால முதல் நாள் நிக்கேக்க அதின்ர சொல்லுகள் கன பேருக்குப் புதுசாத்தான் இருக்கும், மனுவலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கெழுத்து, யாரைக் கேக்கிறது எண்டும் தெரியாது.

இந்தச் சொல்லுகள் எங்கட இடத்தில ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால் தூரம்தான் காரணம். பெரிய சேர்வருக்கான சாமானும் எஞ்சினியரும் அனேகமா கொழும்பிலதான். அங்கயிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல, முல்லைத்தீவு எண்டால் இன்னும் கூட. நீங்கள் போனில "சேர்வர் பிழையாப் போச்சுது அண்ணை, ஒரு மஞ்சள் லைற் எரியுது" எண்டு சொன்னால் அவர் ஊகிச்சு ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு ஏ9 ஆல வருவார், அது பிழையான சாமான் எண்டால் இன்னொரு நாள் போச்சு. நீங்கள் சொல்லுற சொல்லுதான் வானில என்ன ஏறுது எண்டதை முடிவு செய்யுது. அதாலை அகராதி மாதிரிப் பாடமாக்காமல் வேலை செய்யிற ஒழுங்கில சொல்லிக்கொண்டு போறன், நீங்களும் உங்கட மெஷினுக்கு முன்னால நிண்டு ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு வாங்கோ.

முதல்ல மூண்டு சொல்லைப் பிரிச்சு விளங்குங்கோ

ஃபோல்ட், எரர், ஃபெயிலியர். சாதாரணமா மூண்டையும் "பிழை" எண்டு ஒண்டாத்தான் கதைக்கிறது, ஆனா இந்தத் தொழிலில மூண்டும் வேற வேற. மெமரியில ஒரு செல் பழுதாகி நிக்குது, அது ஃபோல்ட். அந்த செல்லை வாசிக்கேக்க 0 வர வேண்டிய இடத்தில 1 வருது, அது எரர். அந்தப் பிழையான பெறுமதி வெளியில வந்து ஆஸ்பத்திரி லாப் ரிப்போட் பிழைக்குது இல்லாட்டிக் கவுண்டரில வேலை நிக்குது, அதுதான் ஃபெயிலியர். ஃபோல்ட் ரொலரன்ற் எண்டு பேர் வச்ச மெஷினில ஃபோல்ட் வராது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஃபோல்ட் வந்தாலும் அதை ஃபெயிலியரா மாற விடாது எண்டதுதான் கதை.

இதில ஒரு ஆபத்து இருக்கு, இந்தக் கட்டுரையில ஒண்டே ஒண்டைத்தான் ஞாபகம் வைப்பியள் எண்டால் இதை வையுங்கோ. இப்பிடியான மெஷின் தன்ர வருத்தத்தை மறைக்கும். ஒரு பக்கம் செத்துப்போனாலும் பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஒருத்தரும் முறைப்பாடு சொல்ல மாட்டினம், "ஓடுதுதானே" எண்டு எல்லாரும் இருப்பினம். ரெண்டாவது ஃபோல்ட் வரேக்கதான் எல்லாம் ஒரேயடியா விழும். முதலாவது ஃபோல்டைக் காணுறதுக்கு அங்க இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான், உங்கட சம்பளமே அதுக்குத்தான்.

ஃபோல்டிலயும் மூண்டு வகை சொல்லுவினம். பெர்மனன்ற் எண்டால் போனது போனதுதான், மாத்தோணும். ட்ரான்சியன்ற் எண்டால் ஒருக்கா வந்திட்டுப் போயிடும், விண்ணிலயிருந்து வாற கதிரில மெமரிப் பிட் ஒண்டு புரளுறது அப்பிடித்தான், சாமானில ஒரு பழுதும் இராது. இன்ரமிற்றன்ற் எண்டதுதான் மனுசரை வருத்துறது, வரும் போகும் திரும்ப வரும், அனேகமா லூஸான கனெக்டர் இல்லாட்டிச் சூடு. சித்திரை வைகாசி வெய்யிலில மத்தியானம் மட்டும் எரர் வருது, இரவில வராது எண்டால் அதை நேரத்தோட எழுதி வையுங்கோ. எஞ்சினியருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

கணக்குச் சொல்லுகள்

எம்டிபிஎஃப் எண்டது ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையில சராசரியாப் போற நேரம், எம்டிடிஆர் எண்டது பழுதைத் திருத்த எடுக்கிற சராசரி நேரம். அவெய்லபிலிற்றி எண்டால் முதலாவதை ரெண்டினதும் கூட்டுத்தொகையால பிரிச்சு வாறது. 99.9 வீதம் எண்டால் கேக்க வடிவா இருக்கும், ஆனா வருசத்தில 8 மணித்தியாலம் 45 நிமிசம் நிக்கலாம் எண்டு அர்த்தம். 99.99 எண்டால் கிட்டத்தட்ட 53 நிமிசம். ஃபைவ் நைன்ஸ் எண்டு சொல்லுற 99.999 எண்டால் வருசம் முழுக்க 5 நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

எம்டிபிஎஃபை உங்களால கூட்ட ஏலாது, அது மெஷின் செய்தவன்ர வேலை. எம்டிடிஆரைக் குறைக்க உங்களால ஏலும், வன்னியில அந்த இலக்கத்துக்குள்ள ஏ9 வீதியும் சேந்துதான் இருக்கு. ஒரு பவர் சப்ளை, ஒரே மொடல் டிஸ்க் ஒண்டு, ஒரு ஃபான் இந்த மூண்டையும் அலுமாரியில வாங்கி வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுங்கோ. ஒரு நாள் காத்திருக்கிற வேலை அரை மணித்தியாலத்தில முடியும், ரெண்டாவது ஃபோல்ட் வந்து சேருறதுக்கான இடைவெளியும் அந்தளவுக்குக் குறையும்.

பவர்: கையால தடவிப் பாருங்கோ

சிங்கிள் பொயின்ற் ஒஃப் ஃபெயிலியர் எண்ட சொல்லை இஞ்ச யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை கிரிட் உப நிலையத்தில ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினதையும் மறந்திருக்க மாட்டியள். ஒரே ஒரு இடம் விழுந்தால் எல்லாம் விழுமெண்டால் அந்த இடத்துக்குத்தான் இந்தப் பேர், சேர்வர் அடுக்கிற உங்கட றாக்குக்குள்ளயும் அப்பிடி ஒரு இடம் ஒளிச்சு இருக்கும், அதைக் கண்டுபிடிக்கிறதுதான் முதல் கிழமை வேலை.

சேர்வருக்குப் பின்னால போங்கோ. ரெண்டு பவர் சப்ளை இருக்கும், இதை ஒண்டு கூட்டல் ஒண்டு ரிடண்டன்சி எண்டு சொல்லுவினம், ஒண்டு போனால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்கும். இப்ப ஒவ்வொரு கேபிளையும் கையால பிடிச்சுக்கொண்டு சுவர் வரைக்கும் போங்கோ. கண்ணால மட்டும் பாக்காதேங்கோ, கேபிள் எல்லாம் கறுப்பு, கட்டுக்கட்டாக் கிடக்கும். ரெண்டு கேபிளும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில போய்ச் சேருதெண்டால் உங்களிட்ட ரிடண்டன்சி இல்லை. வேற வேற ஸ்ட்ரிப், ஆனா ஒரே யூபிஎஸ் எண்டாலும் இல்லைத்தான். ஒரு கேபிள் ஏ ஃபீட், மற்றது பி ஃபீட் எண்டு ரெண்டு யூபிஎஸ்ஸுக்குப் பிரிஞ்சு போகோணும், ரெண்டுக்கும் நிறம் வேறயா டேப் சுத்தி விடுங்கோ.

பிரிச்சாப் போதாது, பாரத்தையும் பாருங்கோ. ரெண்டு யூபிஎஸ்ஸும் ஆளுக்கு 60 வீதம் பாரத்தில ஓடுதெண்டால் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒண்டு நிண்டால் மற்றதின்ர தலையில 120 வீதம் விழும், அதுவும் ஓவர்லோட் எண்டு நிண்டிடும். அதாலை ஒவ்வொண்டும் 40 வீதத்துக்குக் கிட்ட நிக்கிற மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ. என் கூட்டல் ஒண்டு எண்டு மனுவலில கண்டால் தேவையானதை விட ஒண்டு கூட எண்டு அர்த்தம், ஃபானுகள் அனேகமா அப்பிடித்தான். ரூ என் எண்டால் முழுத் தொகுதியே ரெண்டு தரம்.

யூபிஎஸ்ஸில லைன் இன்ரராக்ரிவ் எண்டது கரண்ட் போன பிறகு பற்றரிக்கு மாறும், சில மில்லி செக்கன் எடுக்கும். ஒன்லைன் டபிள் கொன்வேர்ஷன் எண்டது எப்பவுமே பற்றரிப் பக்கத்தாலதான் குடுக்கும், மாறுற நேரமே இல்லை. கரண்ட் ஏறி இறங்கிற இடத்துக்கு ரெண்டாவதுதான் நல்லம். ஒரு விசயம், சின்ன ஜெனரேற்றருக்கு மாத்தின உடனை யூபிஎஸ் "இன்புட் சரியில்லை" எண்டு சொல்லிப் பற்றரியிலயே நிண்டால் யூபிஎஸ் பழுதெண்டு நினையாதேங்கோ, ஜெனரேற்றரின்ர ஃபிரீக்குவன்சி 50 ஹேர்ட்ஸில நிலையா நிக்காமல் ஆடுது எண்டதுதான் அனேகமாக் காரணம். பற்றரி முடியிறதுக்குள்ள அதைச் சரிசெய்யோணும். ஈயப் பற்றரி 25 பாகைக்கு மேல ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுளில கிட்டத்தட்டப் பாதியை இழக்கும், அதாலை யூபிஎஸ்ஸைக் கொண்டுபோய் ஏசி இல்லாத படிக்கட்டுக்குக் கீழ வையாதேங்கோ. சேர்வருக்குள்ள போற காத்து 18 இலயிருந்து 27 பாகைக்குள்ள இருக்கோணும், அளக்கிற இடம் றாக்கின்ர முன்பக்கம். ஐப்பசி இடி மின்னலுக்கு ஒரு கட்டடத்திலயிருந்து மற்றக் கட்டடத்துக்குப் போற நெற்வேர்க் கேபிள் செம்பு எண்டால் ஃபைபருக்கு மாத்துங்கோ, மின்னல் வாறதுக்கு அது நல்ல வழி.

கழட்டுற சாமானும் கழட்டக்கூடாத சாமானும்

எஃப்ஆர்யூ எண்டால் மெஷின் நிக்கிற இடத்திலயே மாத்தக்கூடிய சாமான், அதை எஞ்சினியர் மாத்துவார். சிஆர்யூ எண்டால் வாடிக்கையாளரே மாத்தலாம், அதாவது நீங்கள். ரெண்டும் எது எதெண்டு மனுவலில அட்டவணை இருக்கும், அதைப் பிறின்ற் எடுத்து றாக் கதவில ஒட்டுங்கோ. ஹொட் ஸ்வாப் எண்டால் மெஷின் ஓடேக்கயே கழட்டிப் பூட்டலாம், கனக்க மொடலுகளில அந்தப் பிடி ஒரு தனி நிறத்தில இருக்கும். ஓடுற மெஷினில ஹொட் ஸ்வாப் எண்டு எழுதாத ஒண்டிலயும் கை வையாதேங்கோ.

லைற் விசயம். பச்சை நல்லம், அம்பர் கவனிக்கோணும், நீலம் வேற. நீல லைற் பழுதைச் சொல்லாது, அது லொக்கேற் லைற். நீங்கள் மெஷினின்ர மனேஜ்மன்ற் ஸ்கிரீனில போய் அமத்தினால் முன்னுக்கும் பின்னுக்கும் நீலமா மின்னும், இந்த மெஷின்தான் எண்டு காட்டுறதுக்கு. இதைப் பாவிக்கிறதைப் பழக்கமாக்குங்கோ. முன்பக்கத்தில இடது பக்கம் இருக்கிற சாமான் பின்னால போனால் வலது பக்கம் வரும், ஒரே மாதிரி நாலு சேர்வர் அடுக்கி இருக்கும், அவசரத்தில பக்கத்து மெஷினின்ர நல்ல பவர் சப்ளையை இழுக்கிறது லேசான வேலை.

நிக்காத மெஷின் செய்து உலகத்துக்கு வித்தவை டான்டெம் கொம்பனி, 1974 இல தொடங்கி 1976 இல முதல் மெஷினைக் குடுத்தவை. அங்க வேலை செய்த ஜிம் கிரே 1985 இல அந்த மெஷினுகள் ஏன் நிண்டது எண்டு ஆராய்ஞ்சபோது ஹார்ட்வெயரால நிண்டது 18 வீதம்தான், பராமரிக்கிற இயக்கிற ஆக்களின்ர வேலையால நிண்டது 42 வீதம். ஹார்ட்வெயர் அவ்வளவு நல்லாச் செய்த இடத்திலயே அப்பிடி. அதாலைதான் கழட்ட முதல் லொக்கேற் லைற்றைப் போடு, லேபிளை வாசி, பக்கத்தில நிக்கிற ஆளிட்டச் சத்தமாச் சொல்லு எண்டு நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது.

மெமரி

இசிசி மெமரி எண்டால் 64 பிட் தரவோட 8 பிட் கூட வச்சு 72 பிட்டா எழுதுறது, அந்தக் கூட இருக்கிற 8 பிட்டால ஒரு பிட் பிழைச்சால் திருத்தலாம், ரெண்டு பிட் பிழைச்சால் திருத்த ஏலாது ஆனா பிழைச்சது எண்டு கண்டுபிடிக்கலாம். ரிச்சர்ட் ஹேமிங் 1950 இல எழுதின கணக்கில இருந்து வந்தது. திருத்தினதை கரெக்டபிள் எரர் எண்டும் திருத்த ஏலாததை அன்கரெக்டபிள் எரர் எண்டும் லொக்கில, அதாவது மெஷின் எழுதுற பதிவில, காணுவியள். கரெக்டபிள் ஒண்டு ரெண்டு எப்பவாவது வந்தால் பதறாதேங்கோ, ஒரே டிம்மில, அதாவது ஒரே மெமரித் தட்டில, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனால் பதறுங்கோ. மெஷினே ஒரு அளவு வச்சிருக்கும், அதுக்கு த்ரெஷோல்ட் எண்டு பேர், அதைத் தாண்டினால் அம்பர் லைற் போடும். பட்ரோல் ஸ்க்ரப் எண்டு கண்டால் சும்மா இருக்கிற நேரத்தில மெமரி முழுக்க வாசிச்சுத் திருத்திக்கொண்டு போற வேலை, அதை நிப்பாட்டி வையாதேங்கோ.

டிம் பழுதோ சொக்கற் பழுதோ எண்டு சந்தேகம் வந்தால், மெஷினை நிப்பாட்ட நேரம் கிடைக்கேக்க டிம் ஏ3 ஐக் கழட்டி பி3 இல இருக்கிறதோட மாத்திப் பூட்டுங்கோ. எரர் டிம்மோட சேந்து பி3 க்குப் போனால் டிம் பழுது. ஏ3 இலயே நிண்டால் சொக்கற் இல்லாட்டிப் புறொசெசர் பக்கம். கையில ஈஎஸ்டி பட்டி கட்டாமல் டிம்மைத் தொடாதேங்கோ, வறண்ட நாளில உடம்பில இருக்கிற நிலை மின்னை நீங்கள் உணரவே மாட்டியள், அது உணரும்.

டிஸ்க்

ரெய்ட் எண்டால் கன டிஸ்க்கை ஒண்டாச் சேத்துப் பாவிக்கிற முறை, அந்தப் பேர் 1988 இல பேர்க்லி யூனிவேசிற்றியில எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரையோட பரவினது. ரெய்ட் 1 எண்டால் ஒரே தரவு ரெண்டு டிஸ்க்கில, மிரர். ரெய்ட் 5 ஒரு டிஸ்க் போறதைத் தாங்கும், ரெய்ட் 6 ரெண்டைத் தாங்கும். டிஸ்க் போய் இன்னும் மாத்தாத நிலை டிகிரேடட். புது டிஸ்க்கில திரும்ப எழுதுறது ரீபில்ட், பெரிய டிஸ்க்குக்கு மணித்தியாலக் கணக்கில போகும், அந்த நேரம் மற்ற டிஸ்க்குகளுக்கும் நல்ல வேலை. ஹொட் ஸ்பெயார் எண்டு ஒரு டிஸ்க்கைச் சும்மா பூட்டி வைச்சால் பழுது வந்த உடனை ஆக்கள் வராமலே ரீபில்ட் தொடங்கும், எங்கட தூரத்துக்கு இது கட்டாயம் வேணும். ப்ரெடிக்ரிவ் ஃபெயிலியர் எண்டால் இன்னும் சாகேல்லை, சாகப்போகுது எண்டு டிஸ்க்கே சொல்லுறது.

ரெண்டு எச்சரிக்கை. ரெய்ட் 5 டிகிரேடட்டா நிக்கேக்க பிழையான டிஸ்க்கை இழுத்தால் முழுத் தரவும் போகும், அப்ப திரும்பவும் லொக்கேற் லைற். அடுத்தது, டிஸ்க்கைக் கழட்டிப் பூட்டின பிறகு ஃபொறின் கொன்ஃபிகரேஷன் (டிஸ்க்கில வேற ரெய்ட் அமைப்பு எழுதியிருக்கு) எண்டு கேள்வி வந்தால் க்ளியர் எண்டதை அமத்தாதேங்கோ, கையை எடுத்திட்டு போன் எடுங்கோ. ரெய்ட் கொன்ட்ரோலரில சின்னப் பற்றரியோ கப்பாசிற்றரோ இருக்கும், அது நல்லா இருந்தால் ரைற் பாக், அதாவது கொன்ட்ரோலர் மெமரியில வாங்கிப் பிறகு டிஸ்க்கில எழுதுறது, பலவீனமானால் ரைற் த்ரூ, அதாவது நேர டிஸ்க்கில எழுதுறது, எண்டு தானா மாறும், அது மந்தம். "டேட்டாபேஸ் திடீரெண்டு மந்தமாப் போச்சுது" எண்டு சனம் சொன்னால் முதல்ல இதைப் பாருங்கோ. ரெய்ட் பாக்கப் ஆகாது, தெரியாமல் அழிச்ச ஃபைல் ரெண்டு டிஸ்க்கிலயும் ஒரே நேரத்தில அழியும்.

லொக்ஸ்ரெப், சிம்ப்ளெக்ஸ், டூப்ளெக்ஸ்

ஹை அவெய்லபிலிற்றி கிளஸ்ரருக்கும் ஃபோல்ட் ரொலரன்ற் மெஷினுக்கும் வித்தியாசம் இஞ்சதான். கிளஸ்ரரில ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது எடுத்து நடத்தும், அது ஃபெயில் ஓவர், செக்கன் கணக்கிலயோ நிமிசக் கணக்கிலயோ ஒரு இடைவெளி வரும், மெமரியில நடந்துகொண்டிருந்த வேலை போகும். ரெண்டும் ஒண்டை ஒண்டு உயிரோட இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறது ஹார்ட்பீற். அந்தக் கேபிள் அறுந்தால் ரெண்டும் "மற்றது செத்துப்போச்சு, நான்தான் தலைவர்" எண்டு நினைச்சு ஒரே தரவில எழுதத் தொடங்கும், ஸ்ப்ளிற் பிரெயின் எண்டு சொல்லுறது அதை, அதைத் தடுக்க மூண்டாவது ஒரு வாக்கு வைக்கிறது கோரம்.

லொக்ஸ்ரெப் மெஷின் அப்பிடியில்லை. ரெண்டு புறொசெசர் பெட்டி, ஒரே வண்டிலில பூட்டின ரெண்டு மாடு மாதிரி ஒரே கட்டளையை ஒரே அடியில செய்துகொண்டு போகும், ஒண்டை அவிட்டாலும் வண்டில் நிக்காது. வெளியில பாக்கிறவைக்கு ஒரே ஒரு சேர்வர்தான். ஸ்ட்ரேற்றஸ் கொம்பனி 1980 இல தொடங்கினதிலயிருந்து இந்தப் பக்கத்தில பேர் எடுத்தது. ரெண்டும் ஓடினால் டூப்ளெக்ஸ், ஒண்டு மட்டும் ஓடினால் சிம்ப்ளெக்ஸ். இந்த ரெண்டு சொல்லுத்தான் காலமை வேலைக்கு வந்த உடனை நீங்கள் பாக்க வேண்டியது. ரெண்டு விடை வேற வேறயா வந்தால் பிழை எண்டு தெரியும் ஆனா எது பிழை எண்டு தெரியாது, அதாலை ஒவ்வொரு பக்கமும் தன்னைத் தானே சோதிக்கிற வேலையும் சேத்துச் செய்திருப்பினம். சில இடத்தில மூண்டு வச்சு வாக்கெடுப்பு நடத்துவினம், ரிஎம்ஆர் எண்டு சொல்லுறது. பிழைச்ச பக்கம் தப்பான விடையை வெளியில விடாமல் உடனை நிண்டிடுறது ஃபெயில் ஸ்ரொப்.

பழுதான பெட்டியை மாத்தின பிறகு ரீசிங்க் நடக்கும், நல்ல பக்கத்தின்ர மெமரியை மற்றதுக்குக் கொப்பி பண்ணும், கொஞ்ச நேரம் மெஷின் மந்தமாகலாம். அதை முடிய விடுங்கோ. எடுக்கலாம் எண்டு லைற்றோ ஸ்கிரீனோ சொல்ல முதல் எந்தப் பெட்டியையும் இழுக்கக் கூடாது, சிம்ப்ளெக்ஸில ஓடுற பெட்டியை இழுத்தால் எல்லாம் முடிஞ்சுது.

பிஎம்சியும் செல் லொக்கும்

மதர்போட்டில தனியா ஒரு சின்னக் கொம்பியூட்டர் இருக்கு, அதுதான் பிஎம்சி. சேர்வரை நிப்பாட்டினாலும் பிளக் போட்டிருக்கும் வரைக்கும் அது முழிச்சிருக்கும். ஐலோ, ஐட்ராக் எண்டு கொம்பனிக்குக் கொம்பனி பேர் வேற. அதோட கதைக்கிற பழைய முறை ஐபிஎம்ஐ, 1998 இல வந்தது, புதுசு ரெட்ஃபிஷ், 2015. அதுக்குத் தனி நெற்வேர்க் போர்ட் இருக்கும், கொம்பனி போட்ட பாஸ்வேர்டை முதல் நாளே மாத்துங்கோ, இன்ரர்நெற்றுக்குத் திறந்து விடவே கூடாது. மழைக்கு வீட்டில நிண்டுகொண்டே மெஷினைப் பாக்கோணும் எண்டால் விபிஎன் போட்டுத்தான்.

பிஎம்சி எழுதுற டயறிதான் சிஸ்ரம் இவென்ற் லொக், சுருக்கமா செல். ஒரு வரியை எப்பிடி வாசிக்கிறதெண்டு பாப்பம். நேரம் 22:42, சென்சர் மெமரி, அன்கரெக்டபிள் இசிசி, டிம் ஏ3, அசேர்ட்டட் எண்டு கிடக்குது. அசேர்ட்டட் எண்டால் அந்த நிலை தொடங்கினது, டிஅசேர்ட்டட் எண்டால் நீங்கினது, இதை மாறி வாசிச்சால் முடிஞ்ச பிரச்சினைக்கு எஞ்சினியரைக் கூப்பிடுவியள். நேரத்தைப் பாருங்கோ, கன பிஎம்சி யூரிசி எண்ட உலகப் பொது நேரத்தில எழுதும், எங்கட நேரத்துக்கு 5 மணித்தியாலம் 30 நிமிசம் கூட்டோணும், அப்ப இந்த எரர் வந்தது இரவு பத்தே முக்காலுக்கு இல்லை, அடுத்த நாள் விடியப்புறம் 4:12 க்கு. அந்த நேரம் கரண்ட் போய் ஜெனரேற்றர் ஏறினதோ எண்டு காவல் நிண்ட ஐயாவைக் கேளுங்கோ, அவர் தன்ர கொப்பியில எழுதியிருப்பார். திகதி சம்பந்தமில்லாமல் பழைய வருசத்தைக் காட்டினால் போட்டில இருக்கிற சிஆர் 2032 பற்றரி முடிஞ்சுதோ எண்டு பாருங்கோ. செல்லில இடம் குறைவு, நிரம்ப முதல் ஃபைலா எடுத்துச் சேமிச்சிட்டுத்தான் க்ளியர் பண்ணோணும்.

வோச்டோக் ரைமர் எண்டு கண்டால், ஒப்பரேற்றிங் சிஸ்ரம் குறிச்ச நேரத்துக்குள்ள "நான் இருக்கிறன்" எண்டு சொல்லேல்லை, அதாலை பிஎம்சி மெஷினைத் திருப்பிப் போட்டது எண்டு அர்த்தம். அது ஹார்ட்வெயர்ப் பழுதாத்தான் இருக்கோணும் எண்டில்லை.

ஃபேர்ம்வெயர்

பயோஸ் இல்லாட்டி யூஈஎஃப்ஐ, பிஎம்சி, ரெய்ட் கொன்ட்ரோலர், நெற்வேர்க் கார்ட், டிஸ்க், ஏன் பவர் சப்ளைக்குள்ளயும் ஃபேர்ம்வெயர், அதாவது சாமானுக்குள்ளயே எழுதி வச்ச புரோகிராம், இருக்கு. அதை எழுதுறதை ஃபிளாஷ் எண்டும் பேர்ன் எண்டும் சொல்லுவினம். நல்ல மெஷினில ரெண்டு இமேஜ் வைச்சிருக்கும், புதுசு பிழைச்சால் பழையதுக்குத் திரும்புறது ரோல்பாக். லொக்ஸ்ரெப் மெஷினில ஒரு பக்கத்தை வெளியில எடுத்து பேர்ன் பண்ணி, வேலையை அங்க மாத்தி, பிறகு மற்றப் பக்கத்தைச் செய்யிற வசதி உள்ள மொடலுகள் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே வேர்ஷனில இல்லாட்டி ஜோடி சேராது.

செய்ய முதல் ரிலீஸ் நோற்றை முழுக்க வாசியுங்கோ, எந்த வேர்ஷனுக்குப் பிறகு எந்த வேர்ஷன் எண்ட ஒழுங்கு அதிலதான் இருக்கும். டவுன்லோட் பண்ணின ஃபைலின்ர செக்சம்மை (ஃபைல் முழுசா வந்ததோ எண்டு காட்டுற இலக்கத்தை) சரிபாருங்கோ, விட்டு விட்டு வாற லைனில இறக்கின ஃபைல் குறையா இருக்கலாம். பற்றரி நிறைஞ்சிருக்கோ, ஜெனரேற்றருக்கு டீசல் இருக்கோ எண்டு பாத்திட்டு, இடி இல்லாத நாளாப் பாத்துச் செய்யுங்கோ. எழுதிக்கொண்டிருக்கேக்க ஒருத்தரும் எதையும் அமத்தக் கூடாது. பிறகு மெஷின் திரும்ப எழும்பேக்க போஸ்ற் எண்ட சோதனை நடக்கும், மெமரி கூடின சேர்வருக்கு கன நிமிசம் ஸ்கிரீன் கறுப்பாவே கிடக்கும், செத்துப்போச்சு எண்டு பவர் பட்டனை அமத்திப் பிடியாதேங்கோ, போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.

போன் எடுக்கிறது

போன் எடுக்க முதல் கொப்பியில இவ்வளவையும் எழுதுங்கோ: மொடல், சீரியல் நம்பர், டூப்ளெக்ஸோ சிம்ப்ளெக்ஸோ, எந்த லைற் எங்க என்ன நிறம், செல்லில வந்த வரி அப்பிடியே, எங்கட நேரம், பயோஸ் பிஎம்சி வேர்ஷன், நீங்கள் இதுவரை என்ன தொட்டனீங்கள். கதைக்கிறது இப்பிடி இருக்கோணும்:

"அண்ணை வணக்கம், கிளிநொச்சியிலயிருந்து கதைக்கிறன். மெஷின் ஓடுது, ஆனா சிம்ப்ளெக்ஸில நிக்குது, பெட்டி 1 சேவிஸில இல்லை. இண்டைக்கு விடியப்புறம் 4:12 க்கு அன்கரெக்டபிள் இசிசி, டிம் ஏ3. அதே டிம்மில போன கிழமையும் கரெக்டபிள் வந்துகொண்டிருந்தது. ரெண்டு பவர் ஃபீட்டும் நல்லம், உள்ளுக்குப் போற காத்து 24 பாகை. நான் ஒண்டும் கழட்டேல்லை, ரீசிங்க் போடவும் இல்லை. லொக் மெயிலில வந்திருக்கும்."

"சரி தம்பி, பெட்டி 0 இல ஏதும் எரர் இருக்கோ? டிம்மின்ர பார்ட் நம்பர் எடுக்க ஏலுமோ?"

"பெட்டி 0 சுத்தம் அண்ணை. பார்ட் நம்பர் பிஎம்சி இன்வென்றரியில எடுத்து அதே மெயிலில போட்டிருக்கிறன்."

இவ்வளவும் சொன்னால் அவர் சரியான டிம்மோட வருவார், ஒரு வேளை சொக்கற்தான் பழுதெண்டால் எண்டு யோசிச்சு ஒரு பெட்டியையும் கையோட ஏத்துவார். அவர் வந்து சேருமட்டும் அந்த மெஷினில வேற ஒரு வேலையும் செய்யாதேங்கோ, பாக்கப் ஒண்டு எடுத்து வேற இடத்தில வைக்கிறதைத் தவிர. றாக் கதவைப் பூட்டி "சிம்ப்ளெக்ஸில ஓடுது, தொடாதேங்கோ" எண்டு தாள் எழுதி ஒட்டுங்கோ, துப்பரவு செய்ய வாற அக்காவுக்கும் வாயால சொல்லுங்கோ. சாமான் மாத்தின பிறகு ஸ்கிரீனில டூப்ளெக்ஸ் எண்டு வந்து, அம்பர் லைற் அணைஞ்சு, செல்லில டிஅசேர்ட்டட் வரி விழுமட்டும் வேலை முடிஞ்சுது எண்டு கையெழுத்து வையாதேங்கோ. கழட்டின டிம்மில திகதி, சீரியல், எந்த சொக்கற் எண்டு எழுதின லேபிள் ஒட்டி அவரிட்டக் குடுத்து, புதுசின்ர சீரியலை உங்கட கொப்பியில ஏத்துங்கோ.